புதுப்பிப்பதா, ஜெயில்பிரேக்கைக் காப்பாற்றுவதா?

கேள்வி: எம்1 சில்லு கொண்ட ஐபேட் புரோவை ஐபேட்ஓஎஸ் 15.4.1 பதிப்பிலேயே நிறுத்தி, டோப்பமைன் என்ற மென்பொருளைக் கொண்டு ஜெயில்பிரேக் செய்து (ஆப்பிள் விதித்த கட்டுப்பாடுகளை உடைத்து) பயன்படுத்தி வருகிறேன். செயலிகளைத் தனித்தனிச் சன்னல்களாக விரிப்பதற்கும், இயங்குதளத்தின் உள்கோப்புகள் வரை சென்று பார்ப்பதற்கும், திரையின் தோற்றத்தை மாற்றுவதற்கும் அது உதவுகிறது. ஆனால் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. புதிய செயலிகள் சில, பதிப்பு பழையது என்று கூறி நிறுவப்படுவதே இல்லை. புதுப்பித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா? முடியாதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: திரும்ப முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாக் கணக்கும் அதைப் பொறுத்ததே. ஐபேடில் எந்தப் பதிப்பை நிறுவினாலும், அந்தக் கருவிக்கென்று ஆப்பிளின் சர்வர் கையொப்பமிட்டு அனுமதி தந்தால்தான் நிறுவல் நிறைவேறும். புதிய பதிப்பு வெளியான சில நாட்களிலோ வாரங்களிலோ பழையதற்குக் கையொப்பமிடுவதை அந்நிறுவனம் நிறுத்திவிடுவது வழக்கம். 15.4.1-க்கான கதவு 2022-லேயே மூடப்பட்டுவிட்டது. முன்பே சேமித்து வைத்த கையொப்பக் கோப்புகளைக் கொண்டு திரும்பலாம் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். பழைய கருவிகளில் அது ஓரளவு நடந்தது உண்மைதான். ஆனால் கடவுக்குறியீட்டையும் கைரேகை, முக அடையாளங்களையும் காக்கும், சில்லினுள் உள்ள தனிப் பாதுகாப்புப் பகுதிக்கென்று தனி மென்பொருள் உண்டு; அதன் இன்றைய பதிப்பு உங்கள் பழைய இயங்குதளத்தோடு ஒத்துப்போகாது. எனவே, 'நிறுவு' என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அழுத்தியதுதான்.

இனி நீங்கள் கேட்ட தேர்வுக்கு வருகிறேன். புதுப்பிப்பைப் புதிய வசதிகளின் பட்டியலாகவும், ஜெயில்பிரேக்கை வேறொரு வசதிகளின் பட்டியலாகவும் வைத்து, எதில் வரிகள் அதிகம் என்று பார்ப்பவர்களே பெரும்பாலோர். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஜெயில்பிரேக் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவில் (கெர்னல்) உள்ள ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக உள்ளே நுழைவது. புதுப்பிப்பு அந்த ஓட்டையை அடைப்பது. இரண்டும் ஒரே ஓட்டையைப் பற்றியவை. அதை நமக்காகத் திறந்து வைத்திருக்கும்போது, நம்மைத் தவிர வேறு யாரும் அதில் நுழைய மாட்டார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் 17 அன்று வந்த 15.6.1 புதுப்பிப்பு இரண்டு குறைகளைச் சரிசெய்தது. ஒன்று இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்கிட் என்ற பகுதியில் இருந்தது: தீய நோக்கத்துடன் அமைக்கப்பட்ட ஒரு பக்கத்தைத் திறந்தாலே, அந்தப் பக்கத்தை உருவாக்கியவரின் நிரல் உங்கள் கருவியில் ஓடக்கூடும். மற்றொன்று இயங்குதளத்தின் கருவிலேயே இருந்தது: உள்ளே வந்துவிட்ட நிரல் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. இரண்டும் ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் அறிவிப்பில் குறிப்பிட்டது. இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: ஒரு சுட்டியைத் தொடுகிறீர்கள், பக்கம் திறக்கிறது, திரையில் வேறு எந்த மாற்றமும் இல்லை, ஆனால் கருவி உங்கள் கையைவிட்டுப் போயிருக்கிறது. சஃபாரியை விட்டு வேறு உலாவிக்கு மாறினாலும் பயனில்லை, ஏனென்றால் உங்கள் பதிப்பில் எல்லா உலாவிகளும் அடியில் வெப்கிட்டின் மீதே ஓடுகின்றன. அதற்குப் பிறகு வந்த புதுப்பிப்புகளில் அடைக்கப்பட்ட ஓட்டைகளில் உங்கள் பதிப்பிலும் இருந்தவை எல்லாம் உங்கள் ஐபேடில் திறந்தே கிடக்கின்றன.

ஜெயில்பிரேக் செய்பவர்கள் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2011 ஜூலையில் ஜெயில்பிரேக்மீ 3.0 வெளிவந்தபோது, பிடிஎஃப் கோப்பிலுள்ள எழுத்துருவைக் கையாள்வதில் இருந்த பிழையின் வழியாக, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தே ஐபேட் 2-ஐ விடுவிக்க முடிந்தது. அதை உருவாக்கியவரே அந்த ஓட்டையை அடைக்கும் சிறு நிரலையும் உடன் தந்தார்; ஆப்பிளின் திருத்தம் வருவதற்கு முன்னரே, ஜெயில்பிரேக் செய்தவர்களால் அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ள முடிந்தது. அந்தச் செயலின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆயினும் ஒரு பதிப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவருக்கு, பின்னால் வரும் ஒவ்வொரு ஓட்டைக்கும் அப்படியொருவர் திருத்தம் எழுதித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் இழக்கப்போவது என்ன என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சன்னல்களுக்காக மட்டுமென்றால் கவலை வேண்டாம்: 2022-இல் ஐபேட்ஓஎஸ் 16 கொண்டுவந்த ஸ்டேஜ் மேனேஜர் என்ற சன்னல் வசதி எம்1 கருவிகளில் இயங்குகிறது, 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் சன்னல்களை நினைத்த அளவுக்கு இழுத்து, நினைத்த இடத்தில் வைக்கலாம். இயங்குதளத்தின் உள்கோப்புகளைத் தொடும் உரிமைக்கும், தோற்றத்தை அடியோடு மாற்றும் ட்வீக்குகள் என்ற சிறு நிரல்களுக்கும் அங்கே ஈடு இல்லை. அவை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

உங்கள் கேள்வியில் வங்கிச் செயலி என்ற சொல் வந்துவிட்டதால், என் பரிந்துரை தெளிவானது: புதுப்பித்துவிடுங்கள். பணமும் மின்னஞ்சலும் இருக்கும் கருவி அடைபடாத ஓட்டைகளோடு இருக்கக் கூடாது. அச்செயலியை ஏமாற்றித் திறக்க வைக்கும் ட்வீக்குகளைத் தேடிப் போகாதீர்கள். அது எச்சரிக்கும் காவலரின் கண்ணைக் கட்டுவதாகும். புதுப்பிக்க மனம் வரவில்லையென்றால், வங்கி, மின்னஞ்சல், படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, இதைப் பரிசோதனைக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ளது 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேட். இதுவும் ஜெயில்பிரேக் செய்யப்பட்டது. எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, உங்கள் நிலை மிகவும் நல்லது. உங்கள் கருவியில் உள்ளது ஏ10 சில்லு. 2019 செப்டம்பரில் வெளிப்படுத்தப்பட்ட செக்மேட் என்ற ஓட்டை, ஏ5 முதல் ஏ11 வரையிலான சில்லுகளில், தொழிற்சாலையிலேயே பதியப்படும் படிக்க மட்டுமான நினைவகத்தில் இருக்கிறது; எந்தப் புதுப்பிப்பாலும் அதை அடைக்க முடியாது. கேபிளால் கணினியோடு இணைத்துத்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்பதால், இணையத்தின் வழியே தொலைவிலிருந்து யாரும் அதில் நுழைய இயலாது. ஆகவே உங்கள் ஐபேடுக்குக் கிடைக்கும் கடைசி வரிசையான 17-க்குப் புதுப்பித்து, பாலேரெய்ன் என்ற மென்பொருளைக் கொண்டு மீண்டும் ஜெயில்பிரேக் செய்துகொள்ளலாம். இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ட்வீக்குகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2015 ஆகஸ்டில் அம்பலமான கீரெய்டர் என்ற தீநிரல், ஜெயில்பிரேக் செய்த கருவிகளிலிருந்து 2,25,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியது. அது பரவியது ட்வீக் களஞ்சியங்கள் வழியாகத்தான்.

கேள்வி: பேட்டரி தீர்ந்து அணைந்த பிறகு, மீண்டும் இயக்கினால் ட்வீக்குகள் எதுவும் வேலை செய்யவில்லை, ட்வீக்குகளை நிறுவ உதவும் சிலியோ செயலியைத் தொட்டால் திறந்த நொடியே மூடிக்கொள்கிறது. என்னுடையதும் ஏ10 சில்லு கொண்ட ஐபேட்தான். ஜெயில்பிரேக் போய்விட்டது என்று எண்ணி, செட்டிங்ஸில் காத்திருக்கும் புதுப்பிப்பை அப்படியே நிறுவிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஜெயில்பிரேக் போய்விடவில்லை, உறங்குகிறது. இவ்வகை ஜெயில்பிரேக் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்குப் பின்னும் கணினியோடு இணைத்து மீண்டும் செயல்படுத்தப்பட வேண்டியது; அதன் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றின் மீதே நேரடியாகப் புதுப்பித்தால், கருவி பாதி வழியில் நின்று, ஆப்பிள் சின்னத்தைக் காட்டுவதும் அணைவதுமாகச் சுழலத் தொடங்கிவிடக்கூடும். பிறகு முழுவதையும் அழித்து ரீஸ்டோர் செய்வதைத் தவிர வழியிராது. முதலில் கணினியில் பேக்கப் எடுங்கள். அடுத்து, ஜெயில்பிரேக் செய்யப் பயன்படுத்திய மென்பொருளைக் கொண்டே அதை முறையாக நீக்குங்கள். அதன்பின் கணினி வழியாகப் புதுப்பியுங்கள். இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும் வரை, தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வையுங்கள். இல்லையேல் இரவில் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கும்போது அது தானாகவே நிறுவத் தொடங்கிவிடும்.