‘வௌ்ளவத்தை’ எப்படி முளைத்தது? – கணினிக் கேள்வி பதில்

(ஆணைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுக.)

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய உறுப்பினர் பட்டியல் பாமினி எழுத்துருவில், எக்செல் கோப்பாக இருக்கிறது. யுனிகோட்டுக்கு மாற்றப் பைதனில் ஒரு நிரல் எழுதினேன். ‘கொடிகாமம்’ என்பதில் கொம்பு முன்னால் தனியே நிற்கிறது. ‘வெள்ளவத்தை’, ‘வௌ்ளவத்தை’ ஆகிவிட்டது. அடையாள அட்டை இலக்கங்களின் கடைசியில் ‘ஏ’ வருகிறது. என்ன பிழை? – நெல்லியடி வாசகர்

பதில்: ஒன்றல்ல, மூன்று பிழைகள்.

பாமினி வெறும் எழுத்துரு. கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. ‘கொ’ என்பதற்கு அதில் மூன்று விசைகள்: கொம்புக்குச் சிறிய என், ககரத்துக்கு எஃப், காலுக்கு எச். யுனிகோட்டில் ககரம் முதலில் வரும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால் வரும். நீங்கள் எழுத்தெழுத்தாக மாற்றியிருக்கிறீர்கள். அதனால் கொம்பு தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. மாற்று அட்டவணையை நீளத்தின்படி அடுக்குங்கள்: மூன்று விசைச் சேர்க்கைகள் முதலில், பிறகு இரண்டு விசை, தனி எழுத்து கடைசியில்.

‘வௌ்’ கொஞ்சம் நுணுக்கமானது. இணையத்தில் ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’ என்று அடிக்கடி பார்க்கிறோமே, அவையும் இந்த வழியால் வந்தவைதான். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, சிறிய எஸ். எனவே என், மெய்க்குரிய விசை, எஸ் என்று வந்தால் அது ‘வௌ’ ஆகவும் இருக்கலாம், ‘வெள’ ஆகவும் இருக்கலாம். எஸ்ஸுக்கு அடுத்த விசையைப் பார்த்தால் பிடிபடும். அங்கே அரைப்புள்ளி (பாமினியில் புள்ளி), எச், சிறிய பி, பெரிய பி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் எஸ் ளகரம்தான். ஔகாரத்துக்குப் பிறகு புள்ளியோ காலோ விசிறியோ வராது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (வடிவத்தைக் கொண்டு தேடும் முறை) ‘அடுத்து இவை வராவிட்டால் மட்டும்’ என்ற எதிர்மறை முன்னோக்குச் சோதனை ஒன்றைச் சேர்த்தால் போதும். மாற்றி முடித்த பிறகு ‘வௌ’ என்று தேடிப் பாருங்கள். ‘வௌவால்’ போன்ற மிகச் சில சொற்களே மிஞ்ச வேண்டும்.

மூன்றாவது பிழை, பாமினியே அல்லாத கலங்களையும் மாற்றியது. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வி அல்லது எக்ஸ் வரும். பாமினியில் பெரிய வி ‘ஏ’, பெரிய எக்ஸ் ‘ஓ’. 12 இலக்கப் புதிய அட்டைகளில் எழுத்து இல்லாததால் அவை தப்பியிருக்கும். ஓப்பன்பைஎக்செல் நூலகத்தில் ஒவ்வொரு கலத்தின் எழுத்துருப் பெயரையும் கேட்கலாம். பாமினி என்று இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அந்த நூலகம் எக்ஸ்எல்எஸ் கோப்பைத் திறக்காது. எக்செலிலேயே எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வழியாகப் போய்க் காற்புள்ளியில் வெட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளி விசையில். இணுவில், இளவாலை, இடைக்காடு என்று முகவரி எழுதிய அத்தனை பேருக்கும் விவரங்கள் ஒரு நெடுவரிசை தள்ளிப் போகும். அரைப்புள்ளியும் உதவாது, அது புள்ளி. இடையில் கோப்பு வேண்டுமென்றால் டாப் பிரிப்பான் பாதுகாப்பு.

முடிவில் யுனிகோட்டேட்டா நூலகத்தின் நோர்மலைஸை என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் முறை) ஒருமுறை ஓட்டுங்கள். தனிக் கொம்பும் தனிக் காலுமாக எழுதிய ‘கொ’வும் ஒற்றைக் குறியோடு எழுதிய ‘கொ’வும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடும்போது ஒன்றையொன்று பிடிக்காது. முடிவைச் சிஎஸ்வியாகத் தருவதென்றால் குறியாக்கம் யூடிஎஃப்-8-சிக். கோப்பின் தலையில் அது வைக்கும் மூன்று பைட் இல்லாவிட்டால், இரட்டைச் சொடுக்கில் திறக்கும் எக்செல் தமிழைக் கிறுக்கலாகக் காட்டக்கூடும்.

கேள்வி: இணையப் படிவத்தில் பதிந்த பிறந்த திகதிகள் தரவுத்தளத்தில் ஒரு நாள் குறைவாக இருக்கின்றன. சிலருக்கு 18:30, சிலருக்கு 18:00 என்று நேரமும் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஐந்தரை மணி கூட்டினேன். பாதிப் பேருக்குத்தான் சரிவந்தது. – சாவகச்சேரி வாசகி

பதில்: அந்த 18:00 காரர்கள் எல்லாரும் 1996 ஒக்டோபர் கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்தவர்களா என்று பாருங்கள்.

இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்பது எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தாது. 1996 மே 25இல் ஆறரை மணியாக்கினார்கள், அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறு மணியாகக் குறைத்தார்கள், 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. (வன்னியில் அப்போதும் பழைய நேரம்தான். கணினிக்கு அது தெரியாது.) உங்கள் ஜாவாஸ்கிரிப்ட், திகதியை உள்ளூர் நள்ளிரவாக எடுத்து, டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் மூலம் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி அனுப்புகிறது. 2007 மார்ச் 12, முதல் நாள் 18:30 ஆகும். 2004 மார்ச் 12, முதல் நாள் 18:00 ஆகும். 18:00 உடன் ஐந்தரை கூட்டினால் 23:30. நாள் மாறவே இல்லை.

இருக்கும் தரவைத் திருத்த ஏசியா/கொழும்பு (Asia/Colombo) நேர வலயத்தைப் பயன்படுத்துங்கள். அதற்குள் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. பைதன் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ என்ற நேர வலய நூலகம் கூடவே வருகிறது. விண்டோஸில் மட்டும் டிஇசட்டேட்டா என்ற பொதியைத் தனியே நிறுவ வேண்டும். மையெஸ்கியூஎல்லின் கன்வர்ட் டிஇசட்டை நம்பினால், நேர வலய அட்டவணைகள் ஏற்றப்படாத சேவையகத்தில் வெற்று மதிப்பே திரும்பி வரும். நீங்கள் ஏற்கனவே ஐந்தரை கூட்டிய பிரதியில் கை வைக்காதீர்கள், பழைய பிரதியிலிருந்து தொடங்குங்கள்.

இனிமேலுக்கு: பிறந்த திகதிக்கு நேரமே வேண்டாம். படிவத்தின் திகதிப் பெட்டி ஆண்டு-மாதம்-நாள் என்ற சரத்தைத் தருகிறது. அதை டேட் பொருளாக மாற்றாமல் அப்படியே அனுப்பி, தரவுத்தளத்தில் டேட் வகை நெடுவரிசையில் சேமியுங்கள்.

கேள்வி: வேலை நடுவில் மின்சாரம் நின்றது. திரும்ப வந்த பிறகு, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளில் கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் ‘ஒப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி’ என்கிறது. எல்லாம் போய்விட்டதா? – பருத்தித்துறை மாணவர்

பதில்: போகவில்லை. நீங்கள் எழுதிய கோப்புகள் கோப்புறையில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழுதானது கிட்டின் பதிவேடு. கோப்பின் பெயர் வட்டில் பதிந்து, உள்ளடக்கம் எழுதப்படும் முன் மின்சாரம் நின்றால் பூச்சிய பைட் கோப்பு மிஞ்சும்.

முதலில் திட்டக் கோப்புறை முழுவதையும், மறைந்திருக்கும் டொட் கிட்டோடு சேர்த்து, வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு டொட் கிட்டுக்குள் ஒப்ஜெக்ட்ஸ் கோப்புறையில் பூச்சிய பைட் கோப்புகளை மட்டும் அழியுங்கள். அடுத்து கிட் எஃப்எஸ்சிகே, இரட்டைச் சிறுகோட்டுடன் ஃபுல். காணாமற்போன பொருள்கள் (ஒப்ஜெக்ட்ஸ்) சேவையகத்துக்கு ஏற்கனவே அனுப்பப்பட்டவை என்றால், திட்டத்தைச் சேவையகத்திலிருந்து புதிதாகக் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), அதன்மேல் உங்கள் கோப்புகளை மட்டும் வைப்பதே குறுக்குவழி.

சேவையகம் இல்லையா? டொட் கிட்டுக்குள் லொக்ஸ் கோப்புறையில் ஹெட் என்ற கோப்பைத் திறவுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நீண்ட எண்கள்: முந்தைய கமிட் (கிட்டில் பதிந்த ஒரு நிலை), புதிய கமிட். கடைசி வரியின் புதிய கமிட் பழுதாகியிருந்தால் முந்தையதை எடுத்து, ரெஃப்ஸ், ஹெட்ஸ் வழியே உங்கள் கிளைப் பெயருள்ள கோப்பில் எழுதுங்கள். இன்டெக்ஸ் கோப்பும் கெட்டிருந்தால் அழித்துவிட்டுக் கிட் ரீசெட் மட்டும் கொடுங்கள். பலரும் பதற்றத்தில் அதனோடு ‘ஹார்ட்’ சேர்த்து, நல்லபடி இருந்த கோப்புகளையும் பழைய கமிட்டால் மூடிவிடுகிறார்கள்.

கிட் 2.36 முதல் கோர் டொட் எஃப்சிங்க் என்ற அமைப்பு உண்டு. அதைக் கமிட்டட் என்று வைத்தால் தனிப் பொருள்களும் வட்டில் இறங்கிய பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளும். கொஞ்சம் மெதுவாகும், எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அது பரவாயில்லை.

கேள்வி: கணினி அறையில் இருபது கணினிகள், ஒரே ஒரு மொபைல் ரூட்டர். பைதன் பொதிகளை நிறுவப் பிப் இன்ஸ்டோல் கொடுத்தால் டேட்டா கரைகிறது. – கொக்குவில் ஆசிரியர்

பதில்: ஒரு கணினியில் பிப் டவுன்லோட், சிறுகோட்டுடன் ஆர், தேவைப்பட்டியல் கோப்பு, சிறுகோட்டுடன் டி, கோப்புறைப் பெயர். அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்துப் போய், மற்றவற்றில் பிப் இன்ஸ்டோலோடு நோ-இன்டெக்ஸ், ஃபைன்ட்-லிங்க்ஸ் இரண்டையும் இரட்டைச் சிறுகோட்டுடன் கொடுங்கள்; ஒரு பைட் டேட்டாவும் போகாது. ‘நோ மெச்சிங் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று வந்தால் அந்தக் கணினியின் பைதன் பதிப்பைப் பாருங்கள். கோப்புப் பெயரில் சிபி312-சிபி312 என்றிருந்தால் அது 3.12க்கு மட்டும். 32 பிட் பைதன் போட்ட பழைய கணினியும் இதே செய்தியைத்தான் தரும்.

கேள்வி: பைதனை நிறுவிவிட்டேன். ஆனாலும் பைதன் என்று தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறக்கிறது. – சுன்னாகம் மாணவி

பதில்: செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய், அப் எக்ஸிகியூஷன் ஏலியஸஸ் பட்டியலில் பைதன் பெயருள்ள இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு நிறுவியை மறுபடி ஓட்டி, மொடிஃபை வழியே பாத்தில் (ஆணைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) சேர்க்கும் பெட்டியைக் குறியிடுங்கள். திறந்திருக்கும் டெர்மினலுக்குப் புதிய பாத் தெரியாது. விஎஸ் கோட் உட்பட எல்லாவற்றையும் முழுதாக மூடித் திறவுங்கள்.