கரைக்காமலே ஒரு பெப்டைடின் வடிவத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: என்.எம்.ஆர். (அணுக்கருக்களின் காந்தச் சமிக்ஞையை வைத்து மூலக்கூறை ஆராயும் முறை) என்றாலே மாதிரியைக் கரைத்துத்தான் கருவிக்குள் வைக்க வேண்டும் என்று படித்தேன். வெறும் தூளை வைத்தே பெப்டைடின் வடிவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். எப்படி? அதற்கு எக்ஸ்-கதிர் போதாதா?
– வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: எக்ஸ்-கதிருக்கு நல்ல படிகம் வேண்டும், அதுதான் சிக்கல். அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு பீட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த சின்னப் பெப்டைடுதான். ஆனால் இழையாகத் திரண்டுவிட்டால் லேசில் கரையாது, எக்ஸ்-கதிருக்கு ஏற்ற படிகமாகவும் அமையாது. அப்போது திடநிலை என்.எம்.ஆர். கைகொடுக்கிறது.

கரைசலில் மூலக்கூறு விடாமல் உருண்டு புரள்வதால், திசையைப் பொறுத்து மாறும் காந்த விளைவுகள் சராசரியாகி, என்.எம்.ஆர். நிறமாலையின் கோடுகள் ஊசி போல விழும். தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு திசையைப் பார்த்துக் கிடக்கும், கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். சரி, மூலக்கூறு சுழலாவிட்டால் மாதிரியையே சுழற்றுவோம் என்று 1950-களின் இறுதியில் ரேமண்ட் ஆண்ட்ரூ குழுவினரும், தனியாக இர்விங் லோவும் காட்டினார்கள். காந்தப்புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்துச் சுழற்ற வேண்டும். அந்தக் கோணத்தில் 3cos²θ−1 பூஜ்ஜியமாகிவிடும். அதற்கு மேஜிக் கோணம் என்றே பெயர்.

தூளை நிரப்பிச் சுழற்றும் ரோட்டாரை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். சிர்கோனியாவில் செய்த, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டிக் குழாய். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குச்சியால் அழுத்தி அழுத்தி நிரப்பி, சின்ன இறக்கைகள் உள்ள மூடியைப் போடுவார்கள். அடிவிளிம்பில் பாதியைக் கறுப்பு மார்க்கரால் தீட்டுவார்கள், வேகத்தை ஒளி உணரி எண்ணுவதற்காக. அப்புறம் காற்றை அடித்தால் நொடிக்கு 10,000 சுற்று சாதாரணமாகப் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சுழற்றி அழித்தோமே, அந்தக் காந்த விளைவுகளில் ஒன்று அணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் காந்த இணைப்பு. அதில்தான் அவற்றுக்கு இடையிலான தூரம் ஒளிந்திருக்கிறது! தூரம் இரண்டு மடங்கானால் இணைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் சுழற்சியோடு தாளம் தப்பாமல் ரேடியோ துடிப்புகளைக் கொடுத்து, வேண்டிய இணைப்பை மட்டும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கல்லியனும் ஷேஃபரும் 1989-இல் தந்த ரெடோர் முறை இதுதான். கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வடிவம்) தரும் சமிக்ஞை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, நைட்ரஜன்-15 எத்தனை ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இயற்கையில் கார்பன்-13 சுமார் 1.1 சதவீதம்தான், நைட்ரஜன்-15 அதைவிடவும் குறைவு. எனவே பெப்டைடைத் தயாரிக்கும்போதே இந்த ஐசோடோப்புகளைச் சேர்த்துவிட வேண்டும், செலவு அதிகம்.

ஃபார்மைல்-மெத்தியோனின்-லூசின்-ஃபினைல்அலனின் என்ற மூன்று அமினோ அமிலப் பெப்டைடின் வடிவத்தை எம்.ஐ.டி.யில் ராபர்ட் கிரிஃபின் குழு இப்படித்தான் தீர்மானித்து 2002-இல் வெளியிட்டது. பாக்டீரியா புரதங்கள் ஃபார்மைல்-மெத்தியோனினில் தொடங்குவதால், நம் வெள்ளையணுக்கள் கிருமியை மோப்பம் பிடிக்க உதவும் பெப்டைடு இது. தூரங்களோடு முதுகெலும்புச் சங்கிலியின் ஃபை, சை என்ற, சங்கிலி எப்படித் திரும்புகிறது என்று சொல்லும் திருப்பக் கோணங்களையும் அளந்தார்கள். ஆமாம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வரைபடமாக்கிய அதே கோணங்கள்தான்!

கேள்வி: அந்த வேகத்தில் ரோட்டார் உடையாதா?
– அதே வாசகி

பதில்: உடையும். விரிசல் விட்ட ரோட்டார் என்றால் தூள்தூளாகிவிடும். தூள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாலும் ஆட்டம் கண்டு வேகம் ஏறாது. அப்படி நடந்தால் காற்றை ஏற்றிப் பார்க்காதீர்கள். நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டி, முதலிலிருந்து நிரப்புங்கள்.