விலை சொல்கிறவர் வாங்கலாமா? – கடிதம்

ஐயா,

வணக்கம். முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். அப்பா நகைப் பட்டறை வைத்திருந்தவர். நான் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளர். சம்பளம் கிடையாது, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன். சமீபத்தில் ஒயிட் டவுனில் ஒரு வீட்டில் வயதான அம்மாள் காலமாகி, பிள்ளைகள் நான்கு பேரும் பாகம் பிரிக்க என்னைக் கூப்பிட்டார்கள். நகையோடு வீட்டுச் சாமான்களுக்கும் விலை போட்டுத் தரச் சொன்னார்கள். தையல் மிஷினுக்கு ஐந்நூறு ரூபாய் என்று எழுதியதைப் பார்த்து மூத்த மகள் அழுதுவிட்டார். எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. இந்த வேலை மனுஷனைக் கல்லாக்கிவிடுமா ஐயா? இதற்குப் படிப்போ சான்றிதழோ உண்டா? கட்டணத்தை மொத்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கலாமா? பிரான்சில் இருக்கும் மகன் சில சாமான்களை அங்கே கொண்டுபோக நினைக்கிறார். தந்தம் பதித்த சின்னப் பெட்டி ஒன்றும் இருக்கிறது, அதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து ஈட்டி மர சோபா ஒன்று. பிரம்புப் பின்னல், கைப்பிடி முழுக்கச் செதுக்கு வேலை. அவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. நல்ல விலை போட்டு நானே எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

ஆர்.,
புதுச்சேரி

அன்புள்ள ஆர்.,

இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு ஒரு நண்பருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு. வீடு, நிலமெல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். மீதி நிற்பது ஓர் ஊஞ்சல் பலகையும் சில பித்தளை அண்டாக்களும். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் புது அண்டாவே வாங்கியிருக்கலாம். ஆனால் அவர்கள் அடித்துக்கொள்வது அண்டாவுக்காக இல்லை, அதற்கு விலை போட்டவர் யாருடைய ஆள் என்பதற்காக. அங்கிருந்து திரும்பி வந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அழுகையைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். அம்மா போன வீட்டில் மகள் அழத்தான் செய்வார். தையல் மிஷின் இல்லையென்றால் அஞ்சறைப்பெட்டியைப் பார்த்து அழுதிருப்பார். அவருக்காக நீங்கள் ஐந்நூறை ஐயாயிரமாக்கினால் அவருடைய பங்கில் ஐயாயிரம் கழியும், அவ்வளவுதான். அதற்குப் பதில், "இது பட்டியலில் வேண்டாம், அக்காவே வைத்துக்கொள்ளட்டும்" என்று மற்ற மூவரையும் சொல்ல வையுங்கள். இரண்டு இரவு தூங்காமல் இருந்தீர்கள் என்பதைப் படித்தபோது உங்கள் மேல் எனக்குப் பிரியம்தான் வந்தது. கல்லாகிற ஆள் அதைக் கடிதத்தில் எழுத மாட்டார்.

படிப்பு, சான்றிதழ் விஷயம். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 247. அதையொட்டி 2017இல் வந்த விதிகள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம், ஆனால் மூன்றே வகை: நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், பங்கு முதலான நிதிச் சொத்துகள். பாட்டியின் பீரோவுக்கு அதில் இடமில்லை. முன்பு செல்வ வரிச் சட்டத்தின் கீழ் நகைக்கும் கலைப்பொருளுக்கும் தனியாகப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருந்தார்கள். 2015 பட்ஜெட்டில் அந்த வரியே போய்விட்டது. பிறகும் அந்தப் பதிவு வருமான வரிக் கணக்குக்காகத் தொடர்ந்தது, ஆனால் பாகம் பிரிக்க அது கட்டாயமில்லை. ஆக, வீட்டுச் சாமானுக்கு விலை போட இங்கே யாரும் உங்களிடம் லைசென்ஸ் கேட்கப் போவதில்லை. பரீட்சையும் கிடையாது. சரி, அது போகட்டும்.

சோபாவுக்கு வருகிறேன். அதைக் கேள்வியாகக்கூட நீங்கள் கேட்கவில்லை. போகிற போக்கில், சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

"அவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை" என்கிறீர்கள். அருமை தெரியாததால்தானே ஐயா உங்களைக் கூப்பிட்டார்கள்? அதைச் சொல்வதற்குத்தான் கட்டணம். நீங்களோ அதை உங்களுக்குள் வைத்துக்கொண்டு, அவர்களின் அறியாமைக்கு ஒரு "நல்ல விலை" கொடுக்கப் பார்க்கிறீர்கள். வங்கியில் உரைகல்லில் உரசி, கல் எடையும் அரக்கும் கழித்து ஒரு சங்கிலிக்கு விலை சொல்கிறீர்கள். கடன் கட்டாமல் அது ஏலத்துக்கு வந்தால், நீங்களே போய் ஏலம் கேட்பீர்களா? கூசும் இல்லையா? கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கூசுவது ஒயிட் டவுன் வீட்டுத் திண்ணையில் ஏன் கூசவில்லை?

இது என் தனிப்பட்ட கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21, விதி 73 இருக்கிறது. கோர்ட் நடத்தும் விற்பனையில் ஏதாவது ஒரு கடமை உள்ளவர், நேரடியாகவோ மறைமுகமாகவோ, அந்தச் சொத்தை ஏலம் கேட்கவோ வாங்கவோ கூடாது. மறைமுகமாக என்பதைக் கவனியுங்கள். மச்சான் பெயரில் எடுப்பதும் அதில் அடக்கம். உங்கள் ஊருக்குப் பழைய சொந்தமான பிரான்சில், விலை போட்டு ஏலம் விடுவதற்கென்றே 1556இல் இரண்டாம் ஹென்றி அரசர் பதவிகளை உண்டாக்கினார். கொமிசேர் பிரிசர் என்று அந்த வேலை நிலைத்தது. 2022இல் அவர்களில் கோர்ட் ஏலம் விடுகிறவர்களையும் கோர்ட் அமீனா மாதிரியான அதிகாரிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். தான் ஏலம் விடுகிற பொருளைத் தனக்காக வாங்கக்கூடாது என்பது அங்கேயும் சட்டம். அமெரிக்காவில் 1987இலிருந்து மதிப்பீட்டாளர்களுக்குப் பொது ஒழுங்கு விதிகள் உண்டு, வீட்டுச் சாமானுக்கும் சேர்த்து. இந்தப் பொருளில் எனக்கு இப்போதோ இனிமேலோ ஆதாயம் எதுவும் இல்லை, இருந்தால் இன்னது என்று அறிக்கையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தேசம், ஒரே எச்சரிக்கை. மூன்று இடத்திலும் உங்களைப் போல அருமை தெரிந்த ஆட்கள் நிறைய இருந்திருப்பார்கள் போல.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது நான் கல்லூரி மாணவன். நகைக்கு ஒரு வயதான பத்தரை அழைத்திருந்தார்கள். கூடத்தில் வேட்டியை விரித்து, சின்னத் தராசை நட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தார். எடையை உரக்கச் சொல்வார். சித்தப்பா எழுதிக்கொண்டதும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தவர் தராசிலேயே வைக்கவில்லை. "இது நான் செஞ்சது. நான் சொன்னா சரிப்படாது. திருப்பாப்புலியூர்ல வேற ஆள் இருக்காரு, அவர்கிட்ட காட்டுங்க" என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். அத்தை, "நீங்க செஞ்சதுன்னா உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்" என்றார். "அதனாலதாம்மா" என்றார் பத்தர். நகையில் ஒரு சண்டை வரவில்லை எங்கள் வீட்டில். இன்று வரைக்கும்.

மரச்சாமான்களுக்கு வந்தவர் வேறு ரகம். பெரியப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்ட தரகர். சாய்வு நாற்காலி, பிரம்பு சோபா, கண்ணாடி வைத்த அலமாரி, ரெண்டாள் தூக்கும் தேக்குக் கட்டில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காலைத் தட்டி "செல்லு" என்றார், முதுகைத் தடவி "பூச்சி" என்றார். தனித்தனியாக விலை கேட்டால், "ரூமோட மொத்தமாப் பாத்துக்கலாம்" என்று ஒரு தொகை சொல்லி, அவரே டெம்போவும் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தொகை நியாயமாகவே இருந்திருக்கலாம். நான் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. அது நியாயமா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான் சங்கடம். விலை சொன்னவரும் அவர், வாங்கியவரும் அவர். ஒப்பிட இன்னொரு வாய் இல்லை. பெரியப்பாவுக்கு அதில் கமிஷன் போயிருக்கும் என்று சித்தப்பா நம்பினார். பெரியப்பா வாங்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எப்படி நிரூபிப்பது? ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வராமலே காலம் போய்விட்டது. நீங்கள் அந்த நான்கு பிள்ளைகளுக்கு வைக்கப் பார்ப்பது இந்த வெடியைத்தான். நீங்கள் நேர்மையானவர் என்பதால் அது வெடிக்காமல் போய்விடாது.

அப்புறம், "நல்ல விலை" என்றால் எந்த விலை? அதே சோபாவைப் பழைய சாமான் வண்டிக்காரர் ஒரு விலைக்குக் கேட்பார். ஈசிஆர் ஓரத்தில் செட்டிநாட்டுத் தூணும் கதவும் அடுக்கிவைத்திருக்கும் கூடங்களில் அதற்கு வேறு விலை ஒட்டியிருக்கும். தீப்பிடித்துப் போனால் அதே மரத்தில், அதே வேலைப்பாட்டில் ஒன்று செய்ய ஆசாரி கேட்கும் கூலியும் மரமும் சேர்ந்தால் மூன்றாவது விலை, இன்ஷூரன்ஸுக்கு அதுதான். நாளைக்கே காசு வேண்டும் என்று தள்ளிவிட்டால் நாலாவது. பாகம் பிரிக்க வந்தவர், அவசரமில்லாத இரண்டு பேர் விஷயம் தெரிந்து வாங்கி விற்கும் விலையைப் போட வேண்டும். எதற்காகப் போட்ட விலை, எந்தத் தேதிக்கு என்று பட்டியலின் தலையிலேயே எழுத வேண்டும். தங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கிராம் விலை பேப்பரில் வருகிறது, 916 முத்திரை இருக்கிறது, கணக்குப் பண்ணிவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் சோபாவுக்கும் ஒரே விலை இருப்பதாக நினைக்கிறீர்கள்.

"பிரெஞ்சுக்காரர் காலம்" என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். அவர்கள் நிர்வாகத்தைக் கொடுத்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16. 1950இல் செய்த நாற்காலியும் பிரெஞ்சுக்காரர் காலம்தான். 1754 வரை இங்கே கவர்னராக இருந்த டூப்ளே உட்கார்ந்த நாற்காலி என்று விற்கிறவர்களும் உண்டு. 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளியது அந்த நாற்காலிக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது. சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையில் அறுத்த தடம் நேர்க்கோடாக இருக்கிறதா, வட்டம் வட்டமாக இருக்கிறதா? வட்டமாக இருந்தால் மெஷின் வாளில் அறுத்த மரம். ஆணியின் தலை, திருகாணியின் முனை, பாலிஷ் படாத உட்பக்கத்தின் நிறம், பிரம்பு எத்தனை முறை மாற்றிப் பின்னியது, எல்லாவற்றையும் எழுதுங்கள், போட்டோ எடுத்து ஒட்டுங்கள். "பழையது" என்று மட்டும் எழுதினால் போதாது. பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது உப்புத்தாளோடு வந்தால் அனுப்பிவிடச் சொல்லுங்கள். பழைய பாலிஷைச் சுரண்டினால் விலையும் சேர்ந்து உதிரும்.

பிரான்ஸ் மகனுக்கு ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும். ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோக நினைப்பவற்றைத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கட்டும், கன்டெய்னர் பேசுவது அப்புறம். தந்தப் பெட்டிக்கு விலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். விற்கக்கூடாத பொருளுக்குச் சந்தை விலை ஏது? தந்தம் என்று குறிப்பு மட்டும் எழுதி, வனத்துறையிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார் என்று யாராவது சொன்னால் நீங்கள் அந்த இடத்திலேயே நிற்காதீர்கள்.

உங்களுக்கு அந்த சோபா அவ்வளவு பிடித்திருந்தால் ஒரு வழிதான் உண்டு. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த ஒரு பொருளுக்கு வேறொருவரை வைத்து விலை போடச் சொல்லுங்கள். பிரான்சில் இருப்பவர் உட்பட நான்கு பேருக்கும், "எனக்கு இதன் மேல் ஆசை இருக்கிறது" என்று எழுதிக் கொடுங்கள். அதற்கப்புறம் அவர்களாகக் கொடுத்தால் வாங்குங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் சோபாவை மறந்துவிடுங்கள்.

கட்டணம் கேட்டிருந்தீர்கள். சதவீதம் வேண்டவே வேண்டாம். விலை ஏற ஏற உங்கள் பைக்கும் ஏறும் என்றால் உங்கள் பட்டியலை எந்த மருமகன் நம்புவார்? அமெரிக்கக்காரர்களின் விதியிலும் அதற்குத் தடை. நாள் கூலியாகவோ மணிக் கணக்காகவோ பேசுங்கள், பட்டியல் தட்டச்சுக்கும் போட்டோவுக்கும் தனி. பாதியை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி வீடுகளில் சொன்னால் கொடுத்துவிடுவார்கள். கடலூர்ப் பக்கம் வந்தால் முழுசையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அந்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன்.