சேலத்தில் தனி வீடு, சுற்றிலும் கொசு. சுருள், லிக்விட், பேட் எதற்கும் அடங்கவில்லை. என்ன செய்யலாம்?

பின்னால் கொஞ்சம் தோட்டம், பக்கத்தில் ஒரு காலி மனை, மழை பெய்தால் இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சேலம்தான், அம்மாபேட்டை. பல வருஷமாக நீங்கள் சொல்லும் அதே வழிகளில்தான் நானும் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். 2017 அக்டோபரில் என் மகளுக்கு டெங்கு வந்த பிறகுதான் பறக்கிற கொசுவை விட்டுவிட்டுப் பிறக்கிற இடத்தைத் தேட ஆரம்பித்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் எந்த நேரத்தில் கடிக்கிறது என்று கவனியுங்கள். காலையில் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், அப்புறம் சாயங்காலம் வெளிச்சம் மறைவதற்கு முன், மேசைக்கு அடியில் கணுக்காலைத் தேடி வந்து கடித்தால் அது ஏடிஸ், டெங்குவைப் பரப்பும் கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். சத்தமும் அவ்வளவாக இருக்காது. எங்கள் பக்கத்து வீட்டில் குழித்தறி இருக்கிறது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்கிற அண்ணன், பகலில்தான் கால் தடித்துப்போகிறது என்பார். இருட்டான குழி, அசையாத கால், ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? இரவில் காதருகே ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு.

இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்துக்குச் செலவு செய்து பயனில்லை. கியூலெக்ஸ் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்கிறது. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நம் வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீர் போதும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகையில் ஒன்று நகரத்துக் கிணறுகளையும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளையும் தேடி வருகிறது.

என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் தெருச் சாக்கடையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் பார்க்க வந்த கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண், சாக்கடைப் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். கறிவேப்பிலை மரத்தடியில் என் மாமியார் காலத்து ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது. குழவியை எப்போதோ எடுத்துவிட்டோம், குழியில் மழைத் தண்ணீர். "அக்கா, ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தா கொடுங்க" என்றார். மொண்டு காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் அடங்கியதும் பார்த்தால், மயிரிழைத் துண்டுகள் போல இருபது முப்பது புழுக்கள் வாலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகின்றன. என் கை நிழல் விழுந்ததும் எல்லாம் நெளிந்து அடிக்கு ஓடின. அவற்றுக்கு நடுவே காற்புள்ளி மாதிரி உருண்டு திரண்ட சில. "இது கூட்டுப்புழு, ரெண்டு நாள்ல பறந்துடும்" என்றார். என் பிள்ளை தினமும் சாயங்காலம் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து படிப்பாள்.

ஏடிஸ் வெகுதூரம் பறக்கிற கொசு இல்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றும். ஆகவே பகலில் உங்களைக் கடிக்கிற கொசு, பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது சேலத்துக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கஷ்டத்துக்கு வருகிறேன். தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் வந்தால் அடுத்த முறை எப்போது என்று பார்த்துத்தான் குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்புகிறோம். தேக்காமல் எப்படிக் குடும்பம் நடத்துவது? தேக்குங்கள், ஆனால் கொசு நுழையாமல் மூடுங்கள். டிரம்மின் பிளாஸ்டிக் மூடி நாளடைவில் நெளிந்துவிடும், ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மூடியும் ஒன்றுதான், மூடாததும் ஒன்றுதான். நான் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வெட்டி, ஓரத்தில் நாடா கோத்துத் தைத்து வைத்திருக்கிறேன். டிரம்மின் வாயில் போட்டு இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் மூடி. துணி தொய்ந்து தண்ணீரில் படக்கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தேய்ப்பது. பலரும் தவறவிடுவது இதைத்தான். ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீருக்கு மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. ஒரு தடவைக்கு நூறு வரைக்கும்கூட இடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே திரும்ப நிரப்பினால் முட்டை அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். ஏப்ரல் வெயிலில் காய்ந்த டிரம்மில் ஐப்பசி மழை விழுந்ததும் புழு வருவது இப்படித்தான். ஆகவே தேங்காய் நாரால் உள்சுவரை, முக்கியமாகத் தண்ணீர்க் கோடு படிந்திருக்கும் இடத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவி ஊற்றுங்கள். கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் சேர்த்துத் தேய்த்தால் இன்னும் நல்லது.

நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. எனவே வாரம் ஒருமுறை தேய்த்தால் அந்தச் சுற்றே அறுந்துபோகும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. எப்படியும் அன்றைக்கு வீடு கழுவுகிறோம், அதோடு இதையும் சேர்த்துவிட்டோம். ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் தண்ணீர் சேரும் தட்டு ஒன்று உண்டு, அதை வெளியே இழுத்துப் பாருங்கள், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பூந்தொட்டித் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, உரல், அம்மி எதையும் விடாதீர்கள். ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாவிட்டால் குழியை மணலால் நிரப்பிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். ஏற்காட்டில் எஸ்டேட் லைனில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஆட்டுக்கல் இல்லை, ஆனால் வெட்டிவிட்ட மூங்கில் குத்தின் கணுக்களில் மழைநீர் நின்று அங்கே புழு வைத்தது. அதற்கும் மண்தான் போட்டோம்.

இரவுக் கொசுவுக்கு: செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டுங்கள், மூடிப் பலகையின் விரிசலைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்த இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. புகை மருந்து பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நொச்சிச் செடி நடச் சொல்வார்கள். இலையைப் புகைத்தால் கொஞ்ச நேரம் விலகுகிறது, செடியாகத் தோட்டத்தில் நிற்பதால் எனக்குப் பலன் ஏதும் தெரியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வகைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். டெங்குவில் மோசமான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக அந்தக் காலி மனை. உரிமையாளரைக் கண்டுபிடித்துப் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் தண்ணீர் தேங்கியிருப்பதைப் படம் எடுத்து மாநகராட்சியில் எழுத்தாகப் புகார் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் கப், சிரட்டை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் நீங்களே பொறுக்கிவிடலாம், அரை மணி நேர வேலை. போகும்போது டார்ச்சும் ஒரு வெள்ளைக் கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். மொண்டு பார்த்துவிட்டு, புழு எங்கே இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.