றங்குப்பெட்டியில் கிடக்கும் பாட்டும் பந்தும்

கேள்வி: காலமான அப்பாவின் றங்குப்பெட்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட கசெற்றுகள் இருந்தன. எல்லாம் வானொலியிலிருந்து அவர் பதிந்த றொக் பாடல்கள். பலவற்றில் வெள்ளை படிந்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம், ஒன்றைக்கூடப் போடாதீர்கள். அது பூஞ்சணம். கசெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; ரேப் சுருளின் ஓரத்தில் மாவைப்போலத் தெரியும். ஓடவிட்டால் பிளேயரில் ரேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் இறப்பர் உருளையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் போய்ச் சேரும்.

முதலில் ஈரத்தை எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில், உறைகளைக் கழற்றிவிட்டுக் கசெற்றுகளை அடுக்கி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோ போட்டு இரண்டு கிழமை மூடி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அவணில் 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்க, திரும்பவும் உதவும். அரிசி இதற்கு ஈடாகாது. பூச்சி உருண்டை போடவே கூடாது. அதன் ஆவி கசெற்றின் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். கச்சான் வீசும் மாதங்களே இந்த வேலைக்கு உகந்தவை. மாரி பிடித்தபின் கடற்கரையோர வீட்டில் பெட்டியைத் திறந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

காய்ந்தபின் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் திறவுங்கள். ஐந்து திருகாணிகள் இருக்கும். மேல்மூடியைத் தூக்கியதும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சின்ன உருளைகளும், ரேப்பை அழுத்தும் பஞ்சுத்துண்டும் எளிதில் கழன்று விழும், பிறகு இடம் தெரியாது. சுருளின் ஓரத்தை மென்தூரிகையால் துடைத்து, புதிய கூட்டுக்குள் மாற்றுங்கள். திருகாணி இல்லாமல் பசையால் ஒட்டப்பட்ட பழைய கூடென்றால் மெல்லிய கத்தியால் பொருத்தில் பிளக்கலாம்.

பாட விடுமுன் ஒரு தடவை முழுதாக முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுங்கள். நெடுங்காலம் கிடந்த சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; சுற்றாமல் ஓடவிட்டால் இழுபடும். சி-120 வகை (120 நிமிடக் கசெற்) ரேப் மிக மெல்லியது. அதைப் பென்சிலால் கையாலேயே சுற்றுவது நல்லது. ஒவ்வொரு கசெற்றுக்குப் பிறகும் ஹெட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய்ப்பொருள் கலந்திருக்கலாம், அது படலமாகப் படியும். இறப்பர் உருளைக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

கணினியின் லைன்-இன் துளையில் இணையுங்கள். மைக் துளையில் கொடுத்தால் ஒலி உடைந்து கேட்கும். 90 நிமிடக் கசெற், சாதாரண சீடீ தரத்தில் ஏறத்தாழ 950 மெகாபைற் பிடிக்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். 2004இல் கடல் வந்தபோது வீட்டோடு போனவை எத்தனையோ.

இன்னொன்று. பாட்டுக்கு நடுவே வரும் அறிவிப்பாளர் குரலையும் கரகரப்பையும் வெட்டிவிடாதீர்கள். அந்தப் பாட்டு உலகத்தில் எங்கும் கிடைக்கும். உங்கள் அப்பா அதைக் கேட்ட அந்த இரவு இந்த ரேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: ஒரு கசெற்றில் 'பீற்றில்ஸ், ஷே 1965' என்று எழுதியிருக்கிறார். ஒரே கூச்சல். இரைச்சலை நீக்கலாமா?
– அதே வாசகி

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். ஷே என்பது நியூயோர்க்கில் 2008 வரை மெற்ஸ் அணியின் பேஸ்போல் அரங்காக இருந்தது. 1965 ஓகஸ்ட் 15இல், இரண்டாம் பேஸ் அருகே மேடை போட்டு, சுமார் 55,600 பேர் முன் பீற்றில்ஸ் பாடினார்கள். ரசிகர்களின் அலறலில் பாட்டே அமுங்கிப்போனது. அந்த அலறல்தான் அன்றைய நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 29இல் அவர்களுடைய கடைசிக் கட்டணக் கச்சேரி நடந்ததும் சான் பிரான்சிஸ்கோவின் பேஸ்போல் அரங்கில்தான்.

கேள்வி: 1993இல் ரொறன்ரோ புளூ ஜேஸ் வென்றதும் மாமா அனுப்பிய பேஸ்போல் கையுறை இருக்கிறது. இடக்கைக்கு மட்டும்தான் உண்டு. மற்றது தொலைந்துவிட்டதா? பூஞ்சணமும் பிடித்திருக்கிறது.
– வாசகர், திருக்கடலூர்

பதில்: தொலையவில்லை. விக்கெற் காப்பாளரைப்போல இரண்டு கிடையாது. எறியாத கையில் ஒன்று மட்டும் போடுவார்கள். அதாவது இது வலக்கையால் எறிபவருக்கான உறை.

உலர்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் தோல் வெடிக்கும். தேங்காயெண்ணெய் பூசும் வழக்கத்தை விடுங்கள், அது தோலைத் தொளதொளக்கச் செய்து பூஞ்சணத்துக்கும் தீனியாகும். லனோலின் (ஆட்டு உரோமக் கொழுப்பு) உள்ள தோல் பூச்சை ஆண்டுக்கொருமுறை, பட்டாணியளவு எடுத்துத் தேய்த்தால் போதும். உள்ளே ஒரு பந்தை வைத்துத் துணிப்பையில் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். சரியான பந்து 9 அங்குலச் சுற்றளவு, ஏறத்தாழ 145 கிராம், 108 இரட்டைத் தையல். கிடைக்காவிட்டால் பழைய துணியை அந்த அளவுக்கு உருட்டி வையுங்கள். கிரிக்கெற் பந்து அதைவிடச் சற்றுச் சிறிது, பாரம் கூட.