"தாமதம் ஏற்படலாம்" போட்டைப் பார்த்து ஏன் ஒருவரும் திரும்புவதில்லை? கேள்வி பதில்

வீதியோர அறிவித்தல் பலகைகள் (போட்) பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றுக்குப் போக்குவரத்துத் துறை அறிந்தவர் தரும் பதில்கள்.

ஆரையம்பதி வாசகர்: ஐயா, கல்லடிப் பக்கம் வீதி வேலை நடந்தால் "தாமதம் ஏற்படலாம்" என்று போட் வைக்கிறார்கள். பார்த்துவிட்டும் எல்லோரும் நேரேதான் போகிறார்கள். ஏன்?

அந்தப் போட்டில் முடிவெடுக்கத் தேவையான ஒன்றுமே இல்லை. என்ன நடக்கிறது, எத்தனை நிமிடம் பிந்தும், வேறு எந்தப் பக்கத்தால் போகலாம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் சாரதி திரும்புவார். "கல்லடியில் வேலை, 30 நிமிடம் பிந்தும், நகருக்கு மண்முனைப் பாலம்" என்று எழுதுங்கள். பாலம் கடந்து மகிழடித்தீவு, வவுணதீவு, வலையிறவுப் பாலம் வழியாக மட்டக்களப்பு நகருக்குள் வரலாம். அது சுற்றுத்தான். பத்து நிமிடத் தாமதத்துக்கு யாரும் சுற்ற மாட்டார்கள், சுற்றவும் தேவையில்லை.

இடம் இன்னும் முக்கியம். கல்முனையிலிருந்து வருபவருக்கு மண்முனைப் பாலத்துக்குத் திரும்பும் சந்திக்கு 200, 300 மீற்றர் முன்னால் போட் நிற்க வேண்டும். காத்தான்குடியில் வைத்தால் வீண், அங்கே வந்தவர் சந்தியைத் தாண்டிவிட்டார். உள்ளூர்க்காரர் ஒரு போட்டிலேயே திரும்புவார். கொழும்பு லொறிக்காரருக்கு வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை தெரியாது. வழியில் ஒவ்வொரு சந்தியிலும் அம்புக்குறி இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் அவர் அந்தப் பக்கம் திரும்புவார்.

காத்தான்குடி வாசகர்: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அமெரிக்க நியமத்தில் 25 மில்லிமீற்றர் எழுத்துயரத்துக்கு 9 மீற்றர் வாசிப்புத் தூரம். அப்படியென்றால் 150 மில்லிமீற்றர் எழுத்து 54 மீற்றரில் தெரியும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுபவர் அதை மூன்று விநாடியில் கடந்துவிடுவார். ஒரு சொல்லுக்கு ஒரு விநாடி என்று வையுங்கள். அந்த மூன்று வரிக்கு இது காணாது. நமது எழுத்தில் சுழிகளும் நெருக்கம், எனவே 400 மில்லிமீற்றருக்குக் குறையாதீர்கள். மும்மொழியையும் ஒரே பலகையில் நெருக்காமல் அடுத்தடுத்த பலகைகளில் வையுங்கள்.

கல்முனை வாசகர்: கேட்டால் எல்லோரும் "திரும்புவேன்" என்கிறார்களே?

சொல்பவர்களை விட உண்மையில் திரும்புபவர்கள் குறைவு. முன்னால் போகும் வாகனம் நேரே போனால் பின்னால் வருபவரும் நேரேதான் போவார்.

சம்மாந்துறை வாசகர்: மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாயும்போது தடுப்பை விலக்கிவிட்டும் போகிறார்களே?

2024 நவம்பரில் அங்கே உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் உயிரிழந்தார்கள். "வெள்ளம், கவனம்" என்ற போட் ஆழத்தைச் சொல்லாது. தாம்போதி (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த வீதி) ஓரத்தில் சென்ரிமீற்றர் அளவுக் கம்பம் நடுங்கள். 30 சென்ரிமீற்றர் நீரே சிறிய காரை மிதக்கவைக்கும், 60 பாய்ந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். தடுப்பைத் தண்ணீர் ஓரத்தில் மட்டும் வைக்காமல் சம்மாந்துறையிலேயே வையுங்கள். மாற்று வழியாகக் கிட்டங்கித் தாம்போதியைக் காட்டுமுன் அங்கும் நீர் பாய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒரே மழையில்தான் மூழ்கும்.

கல்முனை வாசகர்: வேலை முடிந்தும் போட் நிற்கிறதே?

அடுத்த தடவை உண்மையான அறிவித்தலையும் நம்பமாட்டார்கள். வேலை நிற்கும் இரவிலும் பலகையைச் சாக்கால் மூடிக் கட்டுங்கள், முடிந்த அன்றே கழற்றுங்கள்.