வீட்டில் திருட்டு, போலீஸ் வரவில்லை: ஆய்வு அமைப்புக்கு எழுதலாமா?

தம்பி, இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இப்படி நடந்தது கஷ்டம்தான். வீடு புகுந்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள், போலீஸ் போனிலேயே ஒரு கேஸ் நம்பர் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே 'முடித்துவிட்டோம்' என்று மெயில் அனுப்பிவிட்டது. போலீசை ஆய்வு செய்யும் தனி அமைப்புக்கு எழுதினால் நடவடிக்கை எடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். ஆனால் உங்கள் கேஸை அவர்கள் தொடமாட்டார்கள்.

எச்.எம்.ஐ.சி.எஃப்.ஆர்.எஸ். என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. தீயணைப்பையும் சேர்த்துக்கொண்டது 2017-இல். இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள 43 போலீஸ் படைகளையும் பார்த்து, 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை ஐந்து நிலைகளில் மதிப்பிடுகிறது. கோப்புகளை எடுத்து, முதல் போன் வந்ததிலிருந்து கேஸ் மூடப்பட்டது வரை வரிசையாகப் பார்ப்பார்கள். பதிவான அழைப்புகளையும் கேட்பார்கள். ஆனால் யாரையும் தண்டிக்க முடியாது. எழுதி வெளியிடுவதுதான் அவர்கள் பலம்.

அது சின்ன பலம் இல்லை. நம் ஊரில் எப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்களே, அதன் உறவினர் இங்கேயும் இருந்தார். சொல்லப்படும் குற்றங்களில் ஐந்தில் ஒன்று, ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல், பதிவே ஆகவில்லை என்று 2014-இல் போட்டு உடைத்தவர்கள் இவர்கள்தான். 2022 ஆகஸ்ட்டில் வீட்டுத் திருட்டு, வழிப்பறி விசாரணைகளைப் பற்றிக் கடுமையாக ஓர் அறிக்கை விட்டார்கள். அந்த அக்டோபரில் எல்லாப் படைகளும், வீட்டுத் திருட்டு என்றால் நேரில் வருவோம் என்று வாக்குக் கொடுத்தன.

உங்களுக்கு வேண்டியது அந்த வாக்குதான். முதலில் உங்கள் ஊர்ப் படையின் தளத்தில் புகார் போடுங்கள். 'போலீஸ் சரியில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். நேரில் ஏன் யாரும் வரவில்லை, பக்கத்து வீட்டுக் கேமராவை ஏன் கேட்கவில்லை, கேஸை மூட முடிவு எடுத்தது யார் என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். அப்புறம் அந்த ஆய்வு அமைப்பின் தளத்தில் உங்கள் படையின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். குற்ற விசாரணை பற்றிய பகுதியில் குறை சொல்லியிருந்தால் அந்த வரியை அப்படியே புகாரில் சேருங்கள். பதில் எழுதுகிறவருக்கு மழுப்புவது கொஞ்சம் கஷ்டமாகிவிடும்.

பதில் திருப்தி இல்லையென்றால் மறுபரிசீலனை கேட்கலாம். 28 நாள்தான் அவகாசம். யாரிடம் கேட்பது என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும்: உள்ளூர் போலீஸ் கமிஷனர் அலுவலகம், அல்லது பெரிய விவகாரம் என்றால் போலீஸ் மீதான புகார்களைப் பார்க்கும் தனி அமைப்பான ஐ.ஓ.பி.சி. இங்கே அந்தக் கமிஷனர் பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், காக்கி அதிகாரி இல்லை. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் ஏற்பாடே வேறு. அங்கே இருக்கும் நண்பர்களுக்கு இதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

நம் ஆட்கள் இந்த ஆய்வு வேலைகளில் சேர முடியுமா என்றும் கேட்டீர்கள். முடியும். லாக்கப்பைப் பார்வையிடும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், கஸ்டடி விசிட்டர் என்பார்கள். 1981-இல் லண்டன் பிரிக்ஸ்டனில் நடந்த கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்கார்மனின் அறிக்கைக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. இரண்டு பேராக, முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்பார்கள். போர்வை இருக்கிறதா, அழைப்பு மணி வேலை செய்கிறதா, சைவம் கேட்டவருக்குச் சைவம் வந்ததா, இலவச வக்கீல் உண்டு என்று சொன்னார்களா என்று உள்ளே இருப்பவரிடமே கேட்பார்கள். 18 வயது ஆகியிருந்தால் போதும், குடியுரிமை கட்டாயம் இல்லை. ஆனால் பல இடங்களில் இந்த நாட்டில் மூன்று ஆண்டாவது இருந்திருக்க வேண்டும் என்பார்கள், அதனால் உங்களுக்கு இப்போது நடக்காது. முதலில் அந்தப் புகாரைப் போடுங்கள்.